தாமிரபரணி: காடு தாமதித்து அனுப்பும் நீர்

தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே தோன்றி, அவ்வெல்லைக்குள்ளேயே கடலோடு கலக்கும் ஆறுகளுள் வற்றாத ஆறு என்னும் பெயர் தாமிரபரணிக்கு உண்டு. பொருநை என்று பழைய இலக்கியங்கள் குறிக்கும் இவ்வாறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை அடுத்த பொதிகைச் சரிவுகளில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து நெடுநாளான பின்னும், பங்குனி வெயிலிலும் பாபநாசத்துப் படித்துறையில் தண்ணீர் ஓடுவதற்குக் காரணம் கேட்டால், மேலே அணைகள் இருக்கின்றன என்பதே பலரும் சொல்லும் விடையாக இருக்கிறது.

அந்த விடை பாதி உண்மையே. 143 அடி நீர்மட்டம் கொண்ட பாபநாசம் அணை 1940களில் எழுந்தது. மணிமுத்தாறு அணை 1958இலும், சேர்வலாறு அணை 1980களிலும் வந்தன. ஆனால் கோடைமேலழகியான் முதல் மருதூர் வரையுள்ள ஏழு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பிருந்தே கார், பிசானம் என இரு போகத்துக்கும் நீர் கொடுத்து வந்தவை. அணைக்கட்டு என்பது நீரை மாதக்கணக்கில் தேக்கிவைக்கும் அமைப்பன்று. ஓடும் நீரின் மட்டத்தைச் சற்றே உயர்த்திக் கால்வாய்க்குள் திருப்பிவிடும் கற்சுவர்தான் அது. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதற்கு வேலை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் பொழிவதும், வடகிழக்குப் பருவமழை மலையையும் சமவெளியையும் சேர்த்து நனைப்பதும் இவ்வாற்றுக்கு வாய்த்த பேறு எனினும், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் ஓட்டம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், பெய்ததை வாங்கிவைத்துச் சிறிது சிறிதாக விடும் நீர்த்தேக்கம் ஒன்று அணைகளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். மலைக்காட்டின் அடியிலுள்ள மண்ணும், அதற்கும் கீழே வெடிப்புகள் நிறைந்து சிதைந்த பாறையுமே அந்த நீர்த்தேக்கம்.

ஓர் ஆற்றுக்கோ ஓடைக்கோ எந்த நிலப்பரப்பில் விழும் மழையெல்லாம் வந்து சேர்கிறதோ அந்த நிலப்பரப்பை அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். மலைமுகடுகளே இதன் எல்லை. முகட்டுக்கு மேற்கே விழும் துளி கேரளத்துக்குப் போக, கிழக்கே சில அடி தள்ளி விழும் துளி தாமிரபரணிக்கு வந்துவிடுகிறது. மலைக்குள் பேயாறு, உள்ளாறு, காரையாறு, சேர்வலாறு ஆகியவையும், அடிவாரத்துக்கு வந்தபின் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவையும் தத்தம் நீர்ப்பிடிப்புகளின் நீரைக் கொண்டுவந்து இதில் சேர்க்கின்றன. மேல்சரிவுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இடங்கள் இருக்க, அவற்றிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள சமவெளி அதில் மூன்றிலொரு பங்குகூடப் பெறுவதில்லை. ஆற்றின் நீரில் பெரும்பங்கு, அதன் மொத்தப் பரப்பில் சிறு பகுதியான காட்டிலிருந்தே வருகிறது என்பதை இந்த வேறுபாடே காட்டிவிடும்.

காட்டின் மேல் பெய்யும் மழை நேரே ஆற்றுக்குப் போவதில்லை. அதில் ஒரு பகுதியை இலைக்கூரை தாங்கி, தரையைத் தொடவிடாமலே காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மற்றொரு பகுதி இலை நுனிகளிலிருந்து சொட்டியும், கிளை வழியாக இறங்கி அடிமரத்தைத் தழுவி வழிந்தும் தரைக்கு வருகிறது. தரைக்கு வந்ததிலும் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சி இலைத்துளைகள் வழியே ஆவியாக விடுகின்றன. இலைக்கூரையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நேரே ஆவியாவதும், மரத்தின் உடலுக்குள் புகுந்து ஆவியாவதும் சேர்ந்து ஆவியிழப்பு எனப்படும். பெய்த மழையில் ஆவியிழப்பும் மண்ணில் தங்கியதும் போக எஞ்சுவதே ஆற்று நீர் என்பதுதான் நீரியலின் அடிப்படைக் கணக்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், காடு நீரைப் படைப்பதில்லை என்பதும், அது நீரைச் செலவிடவும் செய்கிறது என்பதும் விளங்கும். காட்டின் உண்மையான சிறப்பு, எஞ்சிய நீரை எப்போது, எந்த நிலையில் கீழே அனுப்புகிறது என்பதில் இருக்கிறது.

முண்டந்துறைக்கு மேலுள்ள பசுமைமாறாக் காட்டின் தரையில் ஒரு கையகல இடத்தை விலக்கிப் பார்த்தால் இது எவ்வாறு நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். மேலே அண்மையில் உதிர்ந்த இலைகள், காம்பும் நரம்பும் குலையாமல் கிடக்கும். அவற்றின் கீழே, பூஞ்சையின் வெள்ளை இழைகள் ஓடி, நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சிய பழைய இலைகள். அதற்கும் கீழே எது இலை, எது மண் என்று பிரித்தறிய முடியாத, விரலால் அழுத்தினால் அமுங்கும் கருமையான மட்கு. அதனூடே மயிரிழை போன்ற வேர்களும், மண்புழுவும் கறையானும் துளைத்த வழிகளும், எப்போதோ மட்கிப்போன வேர் விட்டுச்சென்ற வெற்றுக் குழாய்களும் நாற்புறமும் ஓடும். மழைத்துளியின் அடியை மேலுள்ள சருகு வாங்கிக்கொள்வதால் மண் குழம்பி அதன் துளைகள் அடைபடுவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியே, அவை நிரம்பாதவரை, எவ்வளவு கடுமையாகப் பெய்தாலும் ஏறத்தாழ முழு மழையையும் மண் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் நீர் வழிந்தோடுவது இத்தகைய காட்டில் அரிது. அதே சரிவில் மரத்தை வெட்டி, சருகைக் கூட்டி எரித்து, கால்நடையும் மனிதரும் நடந்து மிதித்த தரையாக்கிவிட்டால், அதே மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றிச் செந்நிற வெள்ளமாகப் புரண்டோடும்.

உள்ளே இறங்கிய நீர், மண்ணும் பாறையும் சேருமிடத்தில் சரிவை ஒட்டி மெல்ல நகர்ந்து, நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் பயணம் செய்து ஓடைக்கரையில் கசிகிறது. மழையில்லாத நாட்களில் ஆற்றில் ஓடுவது இந்தக் கசிவுநீரே; நீரியலார் இதை அடிநிலை ஓட்டம் என்பர். இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. மழைநீரிலும் மண்ணிலுள்ள நீரிலும் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கனமான அணுக்கள் சற்று வேறுபட்ட அளவில் இருப்பதைக் கொண்டு, எந்த நீர் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியும் முறை 1970களில் வளர்ந்தது. அம்முறையால் ஆராய்ந்தபோது, காட்டோடைகளில் மழை நாளில் பொங்கி வரும் நீரிலேயே பெரும்பங்கு அன்று பெய்த மழையன்று, முன்பே மண்ணுக்குள் தங்கியிருந்த பழைய நீர்தான் என்று பல நாடுகளில் தெரியவந்தது. புது நீர் மேலே இறங்க, அதன் அழுத்தத்தால் பழைய நீர் கீழே வெளியேறுகிறது. காட்டு மண் வெறும் வடிகட்டியாக நின்றுவிடாமல், முன்பு வந்ததை முன்பு அனுப்பும் களஞ்சியமாகவும் இயங்குகிறது என்பது இதன் பொருள்.

இங்கே பரவலான ஒரு கருத்துப் பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மரம் நட்டால் ஆற்றில் நீர் பெருகும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. எந்த மரத்தை, எந்த நிலத்தில் என்று யாரும் கேட்பதில்லை. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில், தலைக்கு ஏறத்தாழ 32 ஹெக்டேர் பரப்புள்ள, ஒன்றையொன்று ஒத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, உதகையிலுள்ள மத்திய மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1968 முதல் நெடுங்காலம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒன்றைச் சோலையும் புல்வெளியுமாக இயற்கை நிலையிலேயே விட்டு, மற்றதில் பாதிக்குச் சற்று மிகுந்த பரப்பில் 1972இல் யூகலிப்டஸ் மரத்தை நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. கோடைக்கால ஓட்டம் அதைவிடக் கடுமையாகக் குறைந்தது என்பதே இதில் கவலைக்குரியது. புல்வெளியை வீண் நிலமென்று கருதி அந்நிய மரம் நட்ட திட்டங்கள், நீர் வேண்டியவர்களின் நீரையே குடித்துவிட்டன என்று சொல்வதில் தவறில்லை. வேகமாக வளரும் ஒரே வகை மரத்தோப்பும், நூற்றாண்டுகளாகத் தானே அமைந்த காடும் பார்வைக்குப் பச்சையாக இருக்கலாம். நீர்க்கணக்கில் அவை வெவ்வேறு. முகில் படியும் உயரங்களில் சோலை மரங்களின் பாசி படர்ந்த கிளைகள் மூடுபனியிலிருந்தும் ஈரத்தைப் பற்றித் தரைக்குச் சொட்டவிடுவது, மழைமானியில் பதிவாகாத கூடுதல் வரவு.

காட்டை அழித்தால் நீருக்கு என்ன நேரும் என்பதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பார்ட் புரூக் என்னும் காடு. அந்நாட்டு வனத்துறை 1955இல் ஆய்வுக்காக ஒதுக்கிய அக்காட்டில், ஒவ்வொரு சிற்றோடையின் கீழ்முனையிலும் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் பிளவுள்ள சிறு தடுப்பு கட்டப்பட்டு, அதன் வழியே வெளியேறும் நீரின் அளவும் வேதியியல் தன்மையும் இடைவிடாமல் பதிவுசெய்யப்பட்டன. ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலிய அறிவியலார் 1963இல் இதை ஒரு முழுமையான சூழலியல் ஆய்வாக விரிவாக்கினார்கள். மருத்துவர் சிறுநீரைச் சோதித்து உடலின் நிலையை அறிவதுபோல, ஓடைநீரைச் சோதித்துக் காட்டின் நிலையை அறியலாம் என்பதே அவர்கள் கொண்ட அடிப்படை. 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்கள் முழுவதும் வெட்டப்பட்டு, எதுவும் துளிர்க்காதபடி மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளிக்கப்பட்டது.

முதல் ஆண்டில் ஓடைநீர் ஏறத்தாழ 39 விழுக்காடு கூடியது. நீரைச் செலவிட மரம் இல்லாததால் அது எதிர்பார்த்ததே. ஆனால் அந்நீரின் தரம் குலைந்தது. மண்ணில் மட்கிய பொருளிலிருந்து வெளிப்படும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ள வேர்கள் இல்லாமற்போகவே, அது நீரில் கரைந்து வெளியேறி, குடிநீருக்குரிய வரம்பையே தாண்டியது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துகளின் வெளியேற்றமும் பல மடங்காயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் சேர்ந்த வளம் ஓடை வழியே போய்விட்டது. களைக்கொல்லியை நிறுத்திச் செடிகள் மீண்டும் தழைத்தபின் நைட்ரேட் இழப்பு தணிந்தது. காட்டை வெட்டினால் நீர் மிகும் என்று அந்த 39 விழுக்காட்டை மட்டும் எடுத்துப் பேசுவோர், கூடிய நீர் எத்தகையது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பொதிகையின் நீர் தூய்மையாயிருப்பதற்கும் இதே விதிகளே காரணம். இம்மலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் முதலிய மிகப் பழைய, கடினமான பாறைகள். மெதுவாகவே கரையும் அவற்றிலிருந்து நீருக்குச் சேரும் உப்பு குறைவு. மட்கு மண்ணும் வேர்களும் சத்துகளைத் தமக்குள்ளேயே சுழற்றிக்கொள்வதால் ஓடைக்குப் போவது சிறு மிச்சமே. மேற்பரப்பு வழிந்தோட்டம் அரிதாக இருப்பதால் கலங்கலும் குறைவு. இவற்றோடு நிழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் நீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும் என்பதை வெப்பநிலையே வரையறுக்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்துவைக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். கரையில் நிற்கும் நீர்மருதும் நாவலும் ஓடையின்மேல் கவிந்து வெயிலைத் தடுப்பது மீனுக்கும் பூச்சிக்கும் மூச்சுவிட இடம் கொடுப்பதாகும்.

நீரின் தரத்தை அறியக் கருவி இல்லாதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மலையோடையில் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் உருண்டைக் கல்லைப் புரட்டினால், அதன் அடியில் மணலையும் இலைத்துணுக்கையும் தன் வாயிழையால் ஒட்டிச் சிறு குழல்போல் கூடு கட்டி, அதற்குள் உடலை மறைத்துத் தலையை மட்டும் நீட்டும் புழுக்கள் ஒட்டியிருக்கும். அருகிலேயே, தட்டையான உடலும் பக்கவாட்டில் படபடக்கும் செவுள்களும் கொண்ட வேறு பூச்சிக் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் பதுங்கும். ஓடையில் விழும் சருகை அரித்து உண்டு அந்நீரின் உணவுச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் இத்தகைய உயிர்களிற் பல, ஆக்ஸிஜன் குறைந்தாலோ வண்டல் படிந்தாலோ முதலில் மறைந்துபோகும். கல்லின் அடியில் இவை நீங்கிச் செந்நிறப் புழுக்கள் மட்டும் சேற்றில் நெளிந்தால், கண்ணாடிக் குவளையில் அந்நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதை நம்புவதற்கில்லை.

இம்மலைக்காடு இன்றுவரை பெருமளவு எஞ்சியிருப்பது தற்செயலன்று. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின; 1988இல் அவை இணைந்து, ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. புலிக்கென்று காக்கப்பட்ட காடு, உண்மையில் மாவட்டங்களின் குடிநீருக்கென்று காக்கப்பட்டதாக ஆகியிருக்கிறது. காப்பகத்தின் நடுவே மாஞ்சோலை மலையில் வேறு வரலாறு உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்ட சுமார் 8,374 ஏக்கரில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பு அது. குத்தகை முடிய நான்காண்டுகள் இருக்கையிலேயே, 2024இல் அங்குத் தேயிலைத் தொழில் நிறுத்தப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. அவர்களின் மறுவாழ்வு வழக்காகி நீதிமன்றம் வரை சென்றது. காட்டை மீட்பதற்கும் தொழிலாளருக்கு உரியதைக் கொடுப்பதற்கும் முரண்பாடு இல்லை. இரண்டும் செய்யப்பட வேண்டியவை. நீரியல் நோக்கில் கூற வேண்டியது, கைவிடப்பட்ட தேயிலைப் புதர் தானாகவே காடாகிவிடாது என்பதே. இறுகிய மண்ணில் மீண்டும் மட்குப் படலமும் புழுத்துளையும் அமைவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

காட்டின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. மண்ணின் துளைகள் எல்லாம் நிரம்பியபின் பெய்யும் மழையைக் காடும் தாங்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் வெள்ளம் சூழச் சிக்கிக்கொண்டனர். அந்த மழையின் உச்சம் விழுந்தது மலையில் அல்ல, ஏரி, குளங்களும் ஊர்களும் நிறைந்த கடலோரச் சமவெளியில். அங்கே காப்பாற்றியிருக்க வேண்டியவை மலைமேலுள்ள காடல்ல, தூர்ந்துபோகாத குளங்களும் அடைபடாத மறுகால் ஓடைகளுமே.

சமவெளிக்கு வந்தபின் இவ்வாற்று நீருக்கு நேர்வது வேறு கதை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபின், எட்டு அணைக்கட்டுகளும் பதினொரு கால்வாய்களுமாகச் சுமார் 86,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் பிரிகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆற்றின் வழிநெடுகக் கிணறுகளால் நீரை எடுக்கின்றன. நீர் குறைந்துகொண்டே போகும் அதே வழியில் ஊர்களின் சாக்கடையும் நகரத்தின் கழிவுநீரும் கூடிக்கொண்டே வருகின்றன. கழிவில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜனைச் செலவிடுகின்றன. அவ்வாறு செலவாகும் அளவே உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை எனப்படும். நீராடத் தக்க ஆற்றில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அந்த வரையறையின்படி 2018இல் வாரியம் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில், பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையுள்ள தாமிரபரணி இடம்பெற்றது. 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் திருநெல்வேலிக்கு வந்து, கழிவுநீர் கலக்கும் இடங்களை நேரிலேயே பார்வையிட்டனர். ஓடும் ஆறு கற்களில் மோதிக் காற்றைக் கலந்துகொண்டு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஓட்டம் வேண்டும், இடைவெளியும் வேண்டும். ஒரு சாக்கடைக்கும் அடுத்த சாக்கடைக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான் என்றால் எந்த ஆற்றாலும் அது ஆகாது.

மாசு நகரத்தில்தான் தொடங்குகிறது என்பதும் முழு உண்மையன்று. மலையிலிருந்து இறங்கிய முதல் படித்துறையான பாபநாசத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. பரிகாரமென்று நீராடுவோர் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச்செல்லும் வழக்கத்தால், பாறை இடுக்குகளிலும் மருத மர வேர்களிலும் புடவையும் வேட்டியும் சுற்றிக் கிடக்கின்றன. தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளி எடுத்தும் அடுத்த அமாவாசைக்குள் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. இன்றைய துணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழை கலந்தவை. அவை மட்குவதில்லை, நூல் நூலாகப் பிரிந்து மீனின் வயிற்றுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போகின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் குழாயைத் திறக்கும் வீடுகளில் மிகப் பலவற்றுக்கு வருவது இந்தப் படித்துறையைத் தாண்டி வரும் நீர்தான். ஆகவே பாபநாசத்துக்குப் போகிறவர்கள் நீராடட்டும், முன்னோரை நினைக்கட்டும். நனைந்த துணியை மட்டும் பிழிந்து, ஒரு பையிலிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.